என்னைத் தூக்க வேண்டாம்

என் வலது காலின் கட்டைவிரலில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே இடமில்லாததால் தாழ்வாரத்தில் கட்டில் போட்டு என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். ஈ நகத்தின் மேல் ஏறியது, விரலிடுக்கில் புகுந்தது, மறுபடி ஏறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல இருந்தது.

விழுந்து அன்றைக்கு இரண்டாவது நாள். அதுவரை இடுப்பு வலி தாங்காமல் கத்திக்கொண்டிருந்தவள், அந்த ஈயைப் பார்த்த பிறகு கால் வலிக்கவில்லையே என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய், இனி வீட்டில் எப்படி வாழ்வது என்று தெரியாமல் கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களைத் தூக்கிச் சுமக்கும் வீட்டாரும் படித்தால் நல்லது. நான் பொறுமைசாலி இல்லை. ஆறுதல் வார்த்தை வேண்டுமென்றால் கோயிலுக்குப் போங்கள், அங்கே நிறையக் கிடைக்கும்.

அது 1955, ஆடி மாதம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு ஒரே ஒரு கூடமும் அதன் கடைசியில் அடுப்படியும் உள்ள ஓட்டு வீடு. கல்யாணத்தின்போது அப்பா என் பேரில் எழுதி வைத்தது. என் புருஷன் தனகோடி மில்லில் வேலை பார்த்தான். எனக்கு வயது இருபத்தாறு. பிள்ளை இல்லை, அடி இருந்தது. எதற்கென்று கேட்காதீர்கள். குழம்பில் உப்பு கூடினாலும் அடிப்பான், குறைந்தாலும் அடிப்பான்.

அன்றைக்கு அவனுக்குத் தப்பி ஏணியில் ஏறிப் பரணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எறங்குடி" என்றான்.

"நீ மொதல்ல வெளிய போ. அப்புறம் எறங்குறேன்" என்றேன். எனக்கு வாய் நீளம், எனக்கே தெரியும்.

அவன் ஏணியை உதைத்தான். கீழே ஆட்டுக்கல் கிடந்தது. அதன் விளிம்பில் முதுகு பட விழுந்தேன். விழுந்தவளை இரண்டு மிதி மிதித்துவிட்டுத்தான் வெளியே போனான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செங்கேணி அக்கா ஓடி வந்தாள். கூடவே தெருப் பெண்கள் இரண்டு பேர். நம் ஊரில் விழுந்தவளைத் தரையில் கிடக்க விடமாட்டார்கள் அல்லவா? "பொம்பளப்புள்ள இப்பிடிக் கெடக்கலாமா, தூக்குங்கடி" என்றாள் அக்கா. ஒருத்தி அக்குளில் கை கொடுத்தாள், ஒருத்தி முழங்காலைப் பிடித்தாள். மூட்டையை மடக்குவதுபோல நடுவில் மடக்கித் தூக்கினார்கள். எனக்குள் ஏதோ நறுக்கென்றது. சுவரில் சாய்த்து உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, குடிக்கவும் கொடுத்தார்கள். அப்புறம் ரிக்‌ஷாவில் உட்கார வைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர் என் பாதத்தில் ஊசியால் குத்திக்கொண்டே மேலே வந்தார். தொப்புளுக்குக் கீழே வந்த பிறகுதான் எனக்கு வலித்தது. பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரியிடம் பிரெஞ்சில் "பராப்லெழி" (இடுப்புக்குக் கீழே செயலிழந்து போவது) என்றார். பிறகு என்னிடம் தமிழில் கேட்டார்.

"விழுந்ததும் உங்களை யாரு தூக்கி உக்கார வெச்சது?"

நான் சொல்லவில்லை.

"முதுகெலும்பு உடைஞ்சிருக்கு. உள்ள போற நரம்பு விழுந்தப்பவே நசுங்கிச்சா, மடக்கித் தூக்கினப்ப நசுங்கிச்சான்னு என்னால சொல்ல முடியாதும்மா. பலகையில நீட்டிப் படுக்க வெச்சுக் கொண்டாந்திருந்தா ஒருவேளை..."

அந்த ஒருவேளையை இன்றுவரை என் தலைக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் கண்ணெதிரே யாராவது உயரத்திலிருந்து விழுந்தால் தூக்காதீர்கள். கிடந்தபடியே கிடக்கட்டும். பலகை கொண்டு வாருங்கள்.

அன்று சாயங்காலம் சாரம் கிராமத்திலிருந்து என் அண்ணன் கோதண்டம் வந்தார். அங்கே கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். அப்பா போன பிறகு எனக்கு இருந்த ஒரே ஆள். கட்டிலோரம் நின்று நெடுநேரம் அழுதார். பிறகு குனிந்து காதோடு சொன்னார்.

"ஏணியில வழுக்கிட்டேன்னு சொல்லும்மா. மாப்பிள்ளை பேரைச் சொன்னா நாளைக்கு யாரு உன்னை வெச்சுப் பாக்கறது?"

வழுக்கிவிட்டேன் என்றே சொன்னேன். மாப்பிள்ளை அந்த மாதமே மில்லை விட்டு, ஊரை விட்டு, வேறொருத்தியோடு கடலூர் பக்கம் போய்விட்டான் என்று பின்னால் தெரிந்தது.

எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சிறுநீர் தானாகப் போகாது. 'சோந்து' (சிறுநீரை இறக்கும் ரப்பர்க் குழாய்) விட்டு எடுப்பார்கள். குளிர் காய்ச்சல் வரும். பிட்டத்தில் படுக்கைப்புண் (ஒரே பக்கமாகக் கிடப்பதால் தோல் செத்து அழுகுவது) உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. அந்த நாற்றம் என்னுடையது என்று நம்ப முடியாமல் பக்கத்துக் கட்டில்காரியைத் திட்டினேன். ஆத்திரத்தில் ஒரு நாள் கஞ்சிக் கிண்ணத்தை ஆயாவின் மேல் வீசினேன். அவள் புருவம் கிழிந்தது. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

எங்கள் வார்டைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரி காரைக்கால்காரர். எல்லோரும் 'மாசேர்' (பிரெஞ்சில் 'என் சகோதரி') என்று கூப்பிடுவோம். கிண்ணம் வீசிய மறுநாள் அவர் என் சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலின் அந்தப் பக்கம், எட்டாத தூரத்தில் வைத்தார்.

"அடிக்கக் கை இருக்குதுல்ல? அதே கையால திரும்பி எடுத்துச் சாப்டு."

அவரைச் சாபமிட்டேன். அன்று பட்டினி கிடந்தேன். அடுத்த நாள் கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்து, மூச்சிரைக்கப் புரண்டு தட்டை எடுத்தேன். சோறு ஆறிப் போயிருந்தது. அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. ஆறாம் மாதத்தில் சோந்தை நானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் சாரத்துக்கு அழைத்துப் போனார். எட்டு நாள் பொறுத்தேன். அண்ணி காலையில் என்னைத் தூக்கிக் கழுவி, மறுபடி தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு வயலுக்குப் போவாள். மதியம் வரும்வரை நான் கிடந்த இடத்தில் கிடப்பேன். தண்ணீர்ச் சொம்பு ஒரு முழம் தள்ளியிருந்தால் அது அங்கேயே இருக்கும். வந்தவர்கள் எல்லாம் என் தலைக்கு மேல் நின்று என்னைப் பற்றிப் பேசினார்கள். அண்ணி கெட்டவள் இல்லை. ஒரு முகச்சுளிப்பு கிடையாது. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் என்னை என் வீட்டில் விடும்படி அண்ணனிடம் சொன்னேன். கை கொட்டிச் சிரிக்காத குறை. மூன்று நாள் அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடந்தேன். நாலாம் நாள் வண்டி கட்டினார். "செத்தா எனக்கு ஆள் அனுப்பு" என்று கோபத்தில் சொல்லிவிட்டு, தெருமுனைவரை போய், திரும்பி வந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கிவிட்டுப் போனார்.

நிற்கிறவர்களுக்காகக் கட்டிய வீட்டில் உட்கார்ந்திருப்பவள் குடித்தனம் பண்ண முடியாது. ஆசாரியை வரவழைத்து எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். கதவின் தாழ்ப்பாள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வந்தது. சாமி படமும் கீழே வந்தது. நாலு சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் மரக்கட்டையைப் பிடித்துத் தரையை உந்திக்கொண்டு போவேன். கையால் சுற்றும் தையல் மெஷினைத் தரையில் வைத்துத் தைத்தேன். செங்கேணி அக்கா தினமும் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவாள், அவள் வீட்டுத் துணி முழுவதையும் நான் தைத்துக் கொடுப்பேன். டாக்டர் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

அரிவாள்மணைதான் என்னைப் படாத பாடு படுத்தியது. உங்கள் வீட்டில் யாராவது மீன் அறுக்கும்போது பாருங்கள். கையா அறுக்கிறது? மணையைக் காலால் அழுத்திப் பிடித்திருப்பதால்தான் கத்தி நிற்கிறது. எனக்கு அழுத்தக் கால் இல்லை. மீனை வைத்து இழுத்தால் மணையே கவிழ்ந்து மடியில் விழுந்தது. மூன்று தரம் தொடையில் கிழித்துக்கொண்டேன், வலிக்கவில்லை, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கடைசியில் ஆசாரியிடம் சொல்லி, அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் கட்டை பதித்து அதில் மணையை ஆணி வைத்து அடித்துவிட்டேன். அறுத்து முடித்ததும் அரிவாள்மணையைப் படுக்க வைப்பது நம் வழக்கம். என் வீட்டில் அது எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கும். வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் சொல்வேன்: "காலைப் பாத்து வையுங்க."

வலி இல்லாத காலை வைத்துக்கொண்டிருப்பது பெரிய ஆபத்து. ஒரு நாள் சமைக்கும்போது மீன் கருகுகிற வாடை வந்தது. சட்டியைத் திறந்தால் மீன் நன்றாக இருந்தது. அடுப்பிலிருந்து சரிந்த தணல் என் இடது பாதத்தின் மேல் கிடந்தது. புண் ஆற நாலு மாதம் ஆனது. அதற்குப் பிறகு காலையும் மாலையும் கைக்கண்ணாடி வைத்து இரண்டு காலையும் பிட்டத்தையும் பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் பாருங்கள். சோம்பலாக இருந்தால் என் பாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி நாலரை வருஷம் ஓடியது. 1960இல் ஒரு நாள் அண்ணன் தனகோடியை அழைத்து வந்தார். தலை நரைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தான். போன இடத்தில் அவள் துரத்திவிட்டாளாம்.

"மாப்பிள்ளை திருந்திட்டாரும்மா" என்றார் அண்ணன். "உனக்கும் ஒரு ஆண் துணை வேணும். நாளைக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா யாரு தூக்குவா?"

"என்னை யாரும் தூக்க வேணாம்ண்ணா. கூட்டிக்கினு போ."

"பாவம்மா அவரு."

"அப்போ உன் வீட்ல வெச்சுக்கோ."

தனகோடி பெட்டிப்பாம்புபோல அடக்கமாக உட்கார்ந்திருந்தான். அந்த அடக்கம் எனக்குப் பழக்கம். அடிக்கும் முன்னால் அவன் அப்படித்தான் இருப்பான்.

அடுத்த வாரம், நல்ல மதியம், தனியாக வந்தான். வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினான். பழைய உயரத்தில் தாழ்ப்பாளைத் தேடிக் கதவைத் தடவினான்.

"தாழ்ப்பாளை எங்கடி வெச்ச?"

"உனக்கு எட்டாத எடத்துல."

வந்து என் சக்கரப் பலகையை உதைத்தான். நான் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். பிறகு அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கினான். முகத்தில் அடித்தேன், கடித்தேன். அடுப்படியோரம் பத்தாயம் (நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி) இருக்கிறது. நிற்கிறவனுக்கு நெஞ்சு உயரம். அதன் மேல் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தான். என் கால்கள் இரண்டும் துணிபோலத் தொங்கின.

"இப்ப எறங்குடி. பாக்கலாம்" என்றான்.

அடி வாங்கியிருக்கிறேன், மிதி வாங்கியிருக்கிறேன். அதைப்போல ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை. அவன் என் சட்டியைத் திறந்து, என் சோற்றைப் போட்டு, என் குழம்பை ஊற்றி, என் கண்ணெதிரே நின்றுகொண்டே சாப்பிட்டான்.

"உப்பு கம்மி" என்றான். "இனிமே நான் எறக்கி விட்டாதான் நீ எறங்கணும். நான் ஏத்தி வெச்சாதான் ஏறணும். தெரிஞ்சுதா?"

கையைத் துடைக்க என் முந்தானையைப் பிடித்தான். அவன் தலை என் மடிக்கு நேரே இருந்தது. அவனுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி அரிவாள்மணை நின்றிருந்தது. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. காலைப் பார்த்து வை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

இரண்டு கையாலும் அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அவன் மேல் விழுந்தேன். விழுவதற்கு எனக்கு என்ன பயம்? பாதி உடம்புக்கு வலியே கிடையாது. நாலரை வருஷம் உடம்பை இழுத்த கை இது. பிடித்தால் விடாது. என் பாரத்தோடு அவன் பின்னால் தள்ளாடிப் போனான். குதிகால் கத்தியில் ஏறியது. அவன் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். அவன் கை என் கழுத்தைத் தேடியது. தரையை உந்தும் என் மரக்கட்டை கையில் அகப்பட்டது. அதைக்கொண்டு அடித்தேன். அந்தக் கையை அடித்தேன், தோளை அடித்தேன், வாயை அடித்தேன். "விடுடீ" என்று அவன் அழுத பிறகும் இரண்டு அடி கூடுதலாக அடித்தேன். அந்த இரண்டு அடிக்காவது நான் வருத்தப்பட வேண்டும். பல வருஷமாக முயற்சி செய்கிறேன், வரவில்லை.

கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தபோதுதான் என் இடது தொடையைக் கவனித்தேன். முழங்காலுக்கு மேலே, வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. எலும்பு உடைந்து கிடக்கிறது, எனக்குச் சின்னக் கடுகடுப்புகூட இல்லை.

செங்கேணி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் நாலைந்து பேர். ரத்தத்தைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ! தூக்குங்கடி அவளை!"

"தூக்காதே!" என்று கத்தினேன். "ஒரு தடவை தூக்கி என்னை முடமாக்கினது போதாதா உனக்கு?"

ஐந்து வருஷம் பல்லுக்குள் வைத்திருந்தது ஆத்திரத்தில் வந்துவிட்டது. அக்கா நீட்டிய கையோடு நின்றாள். அவள் முகம் செத்துப் போனது. பிறகு வெளியே ஓடி, அவள் வீட்டுப் பெஞ்சுப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். நான் சொல்லச் சொல்ல, மடக்காமல் என்னை அதில் நகர்த்திப் படுக்க வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாவுக்கட்டுப் போடவில்லை. உணர்ச்சியில்லாத தோல் கட்டுக்குள்ளேயே அழுகிவிடும் என்று, தலையணையும் மணல் பையும் வைத்துக் காலை அசையாமல் அணைத்து வைத்தார். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ்காரர் வந்தார். நான் வேண்டுமென்றே கத்தியை நட்டு வைத்துக் கொல்லப் பார்த்தேன் என்று தனகோடி சொல்லியிருந்தான். அவனுக்குக் குதிகால் நரம்பு அறுந்திருந்தது.

"அருவாமனையை எதுக்கும்மா தரையில அடிச்சு வெச்சீங்க?"

"வீட்ல அம்மா மீன் ஆயும்போது காலை எங்க வெக்கிறாங்கன்னு போய்ப் பாருங்க சார். உங்களுக்கே தெரியும்."

அண்ணன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "ரெண்டு பேரும் தடுக்கி விழுந்துட்டோம்னு சொல்லிடும்மா" என்றார், மெதுவாக.

"நான் தடுக்கி விழல சார்" என்றேன். "நானேதான் அவன்மேல விழுந்தேன், வேணும்னுதான் விழுந்தேன். எழுதிக்குங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னால ஏணியை ஒதைச்சு என்னைத் தள்ளினது அவன். வழுக்கிட்டேன்னு நான் சொன்னது பொய். அதையும் எழுதிக்குங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். உயிருக்குத் தப்பச் செய்தது என்று என்மேல் வழக்குப் போடவில்லை, தனகோடிக்கு ஆறு மாதம் தண்டனை கிடைத்தது. வெளியே வந்த பிறகு முத்தியால்பேட்டைப் பக்கம் வரவில்லை.

செங்கேணி அக்கா ஒரு வாரம் கழித்து வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி இத்தினி வருசமா சொல்லல?"

"எதுல போச்சுன்னு டாக்டருக்கே தெரியாதுக்கா. சொல்லியிருந்தா நீ தண்ணி ஊத்த வருவியா?"

"வருவேன்டி" என்று அழுதாள். நானும் அழுதேன்.

மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது, தனியாக இருக்க வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்தார். யாரோடு இருந்தாலும் எலும்பு உடைகிறது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாசேர் சிரித்தார்.

அண்ணன்தான் ரிக்‌ஷாவில் கொண்டுவந்தார். வாசற்படியில் என்னை இறக்கி வைத்தார். சக்கரப் பலகை உடைந்து போயிருந்தது, புதிது வரவில்லை.

"உள்ள கொண்டுபோய் விட்டுடறேன்."

"வேணாம்ண்ணா. நானே போறேன்."

"போய்ச் சேர்ற வரைக்கும் நிக்கிறேன்."

உள்ளங்கையை ஊன்றினேன். உடம்பைத் தூக்கி அரை முழம் நகர்ந்தேன். திரும்பி இடது காலைக் கையால் எடுத்து முன்னால் வைத்தேன். வலது காலை எடுத்து வைத்தேன். மறுபடி ஊன்றினேன். வாசலிலிருந்து அடுப்படிக்குப் பன்னிரண்டு முழம். உங்களுக்கு அது ஆறேழு தப்படி. எனக்கு அன்றைக்கு ஒரு பொழுது. முன்பெல்லாம் அந்தத் தூரத்தை நான் வீடு என்றுகூட நினைத்ததில்லை, கடந்து போவேன். இப்போது ஒவ்வொரு முழமும் எனக்குத் தனியாகத் தெரியும். எங்கே தரை சில்லென்று இருக்கும், எங்கே சொரசொரக்கும், எங்கே மூச்சு வாங்க நிற்க வேண்டும் என்று என் கை சொல்லும். அவசரம் என்கிற ஒன்று என் இடுப்போடு போய்விட்டது. அதற்காக மட்டும் நான் துக்கப்படவில்லை.

பாதி வழியில் ஊன்றிய கை சறுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அடியெடுத்து வைக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. என்னைத் தூக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு நான் நகர்ந்த பாட்டைவிடப் பெரியது. அன்றைக்குத்தான் அவர்மேல் இருந்த கோபம் எனக்கு விட்டுப் போனது.

எழுந்து உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். அடுப்பை மூட்டினேன். அக்கா ஊற்றி வைத்திருந்த தண்ணீரில் அரிசி களைந்து உலை வைத்தேன். அண்ணன் அப்போதும் வாசலிலேயே நின்றிருந்தார், உள்ளே வரலாமா என்று தெரியாதவர்போல.

"உள்ள வா அண்ணா" என்றேன். "இன்னும் செத்த நேரத்துல சோறு ஆயிடும். சாப்டுட்டுப் போலாம்."